தந்தி திருத்திய வரைவிலக்கணம்

உயர்தரத்தில் சார்புக்கு நாங்கள் எல்லாரும் ஒரே வரைவிலக்கணத்தைத்தான் பாடமாக்கினோம்: ஆட்சியிலுள்ள ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒரேயொரு விம்பம். அதுக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கு என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

1748 இல் வெளிவந்த ஒய்லரின் நூலில், சார்பு என்றால் மாறியையும் மாறிலிகளையும் கொண்டு அமைத்த ஒரு கோவை. சூத்திரம் இல்லையென்றால் சார்பும் இல்லை. பல்லுறுப்பி, திரிகோணகணிதச் சார்பு, அடுக்குக்குறிச் சார்பு என்று நாங்கள் படிக்கிற வகைகள் எல்லாம் இதுக்குள் அடங்கிவிடும்.

சிக்கலைக் கொண்டுவந்தது அதிர்கிற தந்தி. அதன் அசைவுக்குரிய சமன்பாட்டை 1747 இல் டலம்பேர் தந்திருந்தார். தந்தியின் தொடக்க வடிவத்தையும் ஒரே கோவையால் எழுத முடிய வேண்டும் என்பது அவரது பிடிவாதம். ஒய்லர் ஒத்துக்கொள்ளவில்லை. விரலால் இழுத்த தந்தி மூலையாக மடிந்து நிற்குதே, அதை எப்படி விலக்குவது? 1755 இல் அவர் தன் வரைவிலக்கணத்தையே விரித்தார்: ஒரு கணியம் மாற இன்னொன்றும் மாறினால், இரண்டாவது முதலாவதின் சார்பு.

1829 இல் டிரிச்லே இன்னும் தூரம் போனார். விகிதமுறு எண்களுக்கு ஒரு பெறுமானம், விகிதமுறா எண்களுக்கு வேறொன்று. இதுக்கு வரைபு கீறவே ஏலாது, ஆனாலும் சார்புதான்.

துண்டு துண்டாகத் தந்த சார்பைப் பார்த்து, "இதென்ன சார்பு?" என்று பரீட்சையில் நாங்கள் முழித்திருக்கிறோம். அதே இடத்தில்தான் ஒய்லரும் நின்றார். நின்று, தான் எழுதியதையே திருத்தினார்.