மருந்தை வென்ற கிருமி: செலாயாங்கின் பக்கத்து ஊர் உலகுக்குக் கற்பித்த பாடம்

தீபாவளி நெருங்கிவிட்டால் செலாயாங் வட்டாரக் குடும்பங்கள் பல சுங்கை பூலோவுக்குக் கிளம்பிவிடும். வாசலுக்குச் செவ்வந்தி வேண்டும், பூசைக்குத் துளசி வேண்டும், புதுமனை புகுந்தவர்களுக்கு ஒரு செம்பருத்தியாவது வேண்டும். அங்கே சாலையோரம் வரிசையாகப் பூச்செடித் தோட்டங்கள். விலை பேசி, செடிகளைக் காரின் பின்னால் அடுக்கிக்கொண்டு, மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

அந்த மண்ணில் முதன்முதலில் செடி வளர்த்துப் பிழைத்தவர்கள் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் தொழுநோயாளிகள். வீட்டையும் உறவையும் விட்டுப் பிரித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுடைய உடலில்தான், மருத்துவ உலகம் இன்று பெரும் அச்சத்தோடு பேசும் ஒன்று தொழுநோய்க் கிருமியில் முதன்முறையாக நிரூபிக்கப்பட்டது. அதுதான் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி.

மருந்து எதிர்ப்பு என்றதும் ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று தூரத்து நாடுகளையே நினைக்கிறோம். ஆனால், அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் செலாயாங்கிற்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டது.

வேலிக்குள் ஓர் ஊர்

மலாயாவில் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க வழி செய்தது. அதற்கு முன்பு கோலாலம்பூர் பகுதி நோயாளிகள் செத்தாப்பாக்கில் இருந்த காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தனர். அங்கிருந்த நிலை மோசமானது. மனிதர்கள் மனிதர்களாக வாழ ஓர் இடம் வேண்டும் என்று பாடுபட்டவர் டாக்டர் டிராவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். அதன் பலனாக 1930-இல் சுங்கை பூலோ பள்ளத்தாக்கில், 500 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தில் ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்று அதை அழைத்தார்கள்.

பெரிய மருத்துவமனைக் கட்டடத்தில் வரிசையாகக் கட்டில்களைப் போடாமல், சிறு சிறு வீடுகளும் தோட்டங்களுமாக அமைத்தார்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம், கடை எல்லாம் உள்ளேயே இருந்தன. சிறைச்சாலையும் இருந்தது. 1930-களில் அவர்களுக்கென்று தனிப் பணத்தாள்கூட அச்சடிக்கப்பட்டது. அவர்கள் தொட்ட பணத்தை வெளியில் யாரும் தொடமாட்டார்கள் என்ற அச்சம்தான் காரணம். உள்ளே திருமணம் நடந்தது. குழந்தை பிறந்தால் தாயிடமிருந்து பிரித்தார்கள். தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் பலர். உச்சக் காலத்தில் 2,000-க்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தனர். சீனர், இந்தியர், மலாய்க்காரர் என எல்லா இனத்தவருக்கும் அந்த வேலி ஒன்றுதான்.

எண்ணெயிலிருந்து மாத்திரைக்கு

அந்நாளில் இருந்த ஒரே மருந்து, சித்த மருத்துவத்தில் நம் முன்னோர் அறிந்திருந்த நீரடிமுத்து வகை மர விதைகளின் எண்ணெய். அதை ஊசியாகப் போட்டார்கள். வலியோ தாங்க முடியாதது. பலனோ நிச்சயமற்றது.

திருப்பம் 1941-இல் வந்தது. அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் டாக்டர் ஃபேகெட், சல்ஃபோன் இனத்தைச் சேர்ந்த ஒரு மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறத் தொடங்கினர். ஆனால் அதன் விலை அதிகம். ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகும் வழியைத் தேடியவர்களில் ஒருவர், தமிழ்நாட்டின் செங்கல்பட்டில் பணியாற்றிய டாக்டர் ராபர்ட் காக்ரேன். 1946-இல் அவர் சல்ஃபோன்களின் மூலப்பொருளையே எண்ணெயில் கலந்து ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். அந்த மூலப்பொருளின் பெயர்தான் டாப்சோன்.

செங்கல்பட்டுச் செய்தி விரைவிலேயே மலாயாவை எட்டியது. சுங்கை பூலோவில் டாக்டர் மோல்ஸ்வொர்த் அதே முறையைக் கையாண்டார். அவரும் பி. எஸ். நாராயணசாமியும் தங்கள் நோயாளிகளிடம் கண்ட பலனை 1949-இல் மருத்துவ இதழில் வெளியிட்டனர். பின்னர் டாப்சோன் மாத்திரையாகவே வந்துவிட்டது. விலை சில காசு. புண்கள் ஆறின, முகத்துத் தடிப்புகள் வற்றின, குணமானவர்கள் வெளியேறத் தொடங்கினர். பல தலைமுறைகளாக இல்லாத நம்பிக்கை பிறந்தது.

"மாத்திரையை விழுங்கினாயா?"

அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. பல ஆண்டுகள் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, தேறிவிட்டதாக நினைத்திருந்த சிலருக்குத் தோலில் மீண்டும் புதிய தடிப்புகள் தோன்றின. சோதித்தால் கிருமிகள்.

இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் சந்தேகப்படுவது யாரை? நோயாளியைத்தான். மாத்திரையை வாயில் போட்டுவிட்டுத் துப்பியிருப்பார், விற்றிருப்பார், மறந்திருப்பார் என்றுதான் எண்ணத் தோன்றும். இல்லை என்று மெய்ப்பிக்க நோயாளிக்கு வழியில்லை. கிருமி மாறிவிட்டது என்று மெய்ப்பிக்க மருத்துவருக்கும் வழியில்லை. ஏனென்றால் தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்க்க முடியாது. இன்றுவரை அது முடியவில்லை. கிருமியை வெளியே வளர்த்து, அதன்மீது மருந்தைத் தெளித்துப் பார்க்கும் சாதாரணச் சோதனை இங்கே பயன்படாது.

வழி 1960-இல் திறந்தது. அமெரிக்க விஞ்ஞானி சார்ல்ஸ் ஷெப்பர்ட், எலியின் பாதத்தில் இந்தக் கிருமி மெதுவாகப் பெருகும் என்று கண்டுபிடித்தார். எவ்வளவு மெதுவாக? வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் சில 20 நிமிடங்களில் இரட்டிப்பாகும். தொழுநோய்க் கிருமிக்கோ ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். ஒரு சோதனை முடியவே பல மாதங்கள் ஆகும்.

அப்போது சுங்கை பூலோவில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவோடு தொழுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இயங்கி வந்தது. அங்கிருந்த டாக்டர் பெட்டிட், நோய் திரும்பியவர்களைத் தேர்ந்தெடுத்தார். முதலில் அந்தப் பழைய சந்தேகத்திற்கே முடிவு கட்டினார். பல மாதங்கள் மேற்பார்வையில், முழு அளவு டாப்சோன் கொடுக்கப்பட்டது. நோயாளி மருந்தைத் தவறவிட வாய்ப்பே இல்லை. அப்படியும் தேறாதவர்களின் தோலிலிருந்து எடுத்த சிறு துண்டுகள் லண்டனுக்குப் பறந்தன. அங்கே டாக்டர் ரீஸ், கிருமிகளை எலிகளின் பாதத்தில் செலுத்தி, தீவனத்தில் டாப்சோனைக் கலந்து கொடுத்தார். சாதாரணக் கிருமிகள் மிகச் சிறிய அளவு மருந்துக்கே அடங்கிவிட்டன. சுங்கை பூலோவிலிருந்து சென்ற சில கிருமிகளோ மருந்து கலந்த தீவனத்தைத் தின்ற எலிகளிலும் பெருகின.

1964-இல் பெட்டிட்டும் ரீஸும் 'லான்செட்' மருத்துவ இதழில் இதை வெளியிட்டனர். டாப்சோனை எதிர்க்கும் தொழுநோய்க் கிருமி உண்டு என்பதற்கு உலகம் பெற்ற முதல் உறுதியான சான்று அதுதான். அந்தச் சான்றில் இன்னொரு தீர்ப்பும் அடங்கியிருந்தது. இந்த நோயாளிகள் பொய் சொல்லவில்லை. மாறியது கிருமி.

பின்னர் 1975-இல் பியர்சன், ரீஸ், வாட்டர்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில், எதிர்ப்பு நிரூபிக்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை 100-ஐத் தொட்டது. 1977-இல் எத்தியோப்பியாவிலிருந்து அதைவிடக் கவலையான செய்தி வந்தது. அதுவரை டாப்சோனே சாப்பிடாத புதிய நோயாளிகளிடமும் எதிர்ப்புக் கிருமி இருந்தது. அதாவது, மருந்தை வென்ற கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவத் தொடங்கிவிட்டது.

ஏன் இப்படி ஆனது?

கடுமையான தொழுநோய் கண்ட ஒருவர் உடலில் பத்தாயிரம் கோடி கிருமிகள்கூட இருக்கலாம். பத்து லட்சம் கிருமிகளில் ஏதோ ஒன்று பிறவியிலேயே டாப்சோனுக்கு அடங்காததாக இருக்கும் என்பது மருத்துவர்கள் போடும் கணக்கு. மருந்து மற்றவற்றையெல்லாம் கொல்கிறது. அந்த அடங்காத கிருமிகள் மட்டும் மிஞ்சி, போட்டிக்கு ஆளில்லாத வயலில் களை வளர்வதுபோல் மெல்லப் பெருகுகின்றன. ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுத்தது களைக்குத் தண்ணீர் பாய்ச்சிய கதையாகிவிட்டது. அளவு குறைந்தாலும், இடையில் விட்டுவிட்டாலும் நிலைமை இன்னும் மோசமாகும்.

இதற்குத் தீர்வும் அதே கணக்கில்தான் இருந்தது. ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்துக்கு அடங்காத கிருமி ஒரு கோடியில் ஒன்றுதான் இருக்கும். இரண்டு மருந்துக்கும் ஒரே நேரத்தில் அடங்காத கிருமி வேண்டுமென்றால் பத்து லட்சத்தை ஒரு கோடியால் பெருக்க வேண்டும். பத்து லட்சம் கோடியில் ஒன்று! ஒருவர் உடலில் அவ்வளவு கிருமிகளே இல்லை. ஆகவே மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் தப்பிப்பதற்குக் கிருமிக்கு ஏறக்குறைய வழியே இல்லை.

ஆனால் ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுத்தால் அதுவும் தோற்றுவிடும் என்பது 1976-இல் கார்விலில் தெரிந்தது. தோலைக் கருமையாக்கினாலும் கிருமியைக் கட்டுப்படுத்தும் குளோஃபாசிமின் என்ற மூன்றாவது மருந்தும் கைவசம் இருந்தது. டாப்சோன் பலிக்காத சுங்கை பூலோ நோயாளிகளுக்கு 1960-களிலேயே அதைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். 1981-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூடி, கடுமையான தொழுநோய்க்கு இந்த மூன்று மருந்துகளையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1995 முதல் அந்தக் கூட்டு மருந்து உலகெங்கும் இலவசமாக வழங்கப்படுகிறது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை மலேசியா 1994-இல் எட்டியது. இதைச் சாத்தியமாக்கியவர்களில் சுங்கை பூலோ நோயாளிகளும் அடங்குவர். தங்கள் தோலின் துண்டுகளைக் கொடுத்தவர்கள் அவர்கள். பெயர்கள்தாம் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை.

இன்னொரு கண்டத்தில் அதே கதை

தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதி தமிழர்களுக்குப் புதிதல்ல. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் கப்பலேறிப் போன இடம். இன்று குவாசுலு நாட்டால் என்று பெயர் பெற்ற அந்த மாநிலத்தில், டுகேலா ஃபெரி என்ற சிற்றூர் மருத்துவமனையிலிருந்து 2006-இல் வந்த செய்தி உலகை உலுக்கியது. ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எதிர்க்கும் காசநோய் 53 பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் 52 பேர் இறந்துவிட்டனர். எச்.ஐ.வி. தொற்றால் உடல் தளர்ந்திருந்தவர்களே பெரும்பாலோர்.

அங்குள்ள நிபுணர்கள் கைகட்டி நிற்கவில்லை. டாக்டர் ஃபிரான்செஸ்கா கான்ராடி தலைமையில் அந்நாட்டில் 2015-இல் தொடங்கிய சோதனையில், மூன்று மருந்துகளை ஒன்றாக 109 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் தேறினர். முடிவு 2020-இல் வெளியானது. மருந்துகள் புதியவை. ஆனால் ஒற்றை மருந்தை நம்பாதே, சேர்த்துக் கொடு, முழுமையாகக் கொடு என்ற அடிப்படை பழையது.

வீட்டு அலமாரியில் மிஞ்சிய மாத்திரை

நேயர்களே, இது முடிந்துபோன கதையல்ல. மருந்தை எதிர்க்கும் கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் நேரடியாக ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று பின்னர் 'லான்செட்' ஆய்வு கணக்கிட்டது. மலேசியாவும் 2017-இல் இதற்கென்று தேசியச் செயல்திட்டம் வகுத்தது. சட்டப்படி ஆண்டிபயோட்டிக் மருந்து வாங்க மருத்துவரின் சீட்டு வேண்டும்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? சளிக்கும் காய்ச்சலுக்கும் கிளினிக்கில் ஆண்டிபயோட்டிக் கேட்டு வாங்குகிறோம். சளியை உண்டாக்கும் வைரசை அது தொடாது என்று சொன்னாலும், "எதற்கும் இருக்கட்டும், டாக்டர்" என்கிறோம். தேவையான நோய்க்குத் தந்த மருந்தையோ மூன்றாம் நாள் உடம்பு தேறியதும் நிறுத்திவிடுகிறோம். மிச்சத்தை அலமாரியில் பத்திரப்படுத்தி, அடுத்த வாரம் தம்பிக்குக் காய்ச்சல் என்றால் எடுத்துக் கொடுக்கிறோம். டாப்சோனைத் தோற்கடித்த அதே வழியைச் சிறிய அளவில் நாமே கிருமிகளுக்குக் காட்டிக் கொடுக்கிறோம்.

சுங்கை பூலோ நோயாளிகளுக்கு இந்தத் தேர்வுகூட இருந்ததில்லை. கொடுத்த மருந்தை உண்டார்கள். மருந்து தோற்றபோது பழியையும் சுமந்தார்கள். குடியிருப்பின் கிழக்குப் பகுதி 2007-இல் இடிக்கப்பட்டு, அங்கே மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் எழுந்தது. அதன் மாணவர்கள் செலாயாங் மருத்துவமனையிலும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். நாளைய மருத்துவர்கள் நடக்கும் அந்த மண், மருந்து எப்படித் தோற்கும் என்பதை உலகுக்குக் காட்டிய மண்.

அடுத்த முறை சுங்கை பூலோவுக்குச் செடி வாங்கப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அந்த வேலிக்குள் வாழ்ந்தவர்களின் கதையைச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளைக் குப்பையில் வீசாமல் அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் ஒப்படையுங்கள். அவர்கள் தங்கள் உடலால் கற்பித்த பாடத்திற்கு நாம் செய்யக்கூடிய எளிய நன்றி அதுதான்.