ஆளற்ற வீதி: திருச்சி – ஸ்ரீரங்கம் கறுப்பு வெள்ளைப் படங்களின் சட்டகம்

சொந்தமாக ஒரு நகரத்தைப் படமெடுக்க வேண்டும் என்று காமிராவைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறவர்கள் திருச்சியில் எப்போதும் உண்டு. கல்யாண ஆல்பத்துக்கோ பத்திரிகைக்கோ அல்ல. யாரும் காசு கொடுக்கப் போவதில்லை. விடியற்காலையில் அம்மா மண்டபம் படித்துறை, பிறகு சித்திரை வீதி, வெயில் ஏறுவதற்குள் மலைக்கோட்டை. 'என்னப்பா, கலர்ல எடுக்கலியா?' என்று யாராவது கேட்பார்கள். 'இல்லீங்க, கறுப்பு வெள்ளை.' 'அதுவா, பழைய படம் மாதிரி இருக்குமே!'

இந்தப் 'பழைய படம் மாதிரி' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எந்தப் பழைய படம்? யார் எடுத்தது? யாருக்காக?

நானும் அப்படிப் போனவன்தான். ஒருநாள் காலையில் வீதியின் முழு நீளத்தையும் கோபுரத்தையும் ஒரே சட்டகத்தில் பிடிக்க நின்றிருந்தேன். வீதி கூட்டும் ஒரு பெண் மெதுவாகக் கூட்டிக்கொண்டே வந்தார். அவர் சட்டகத்தை விட்டுப் போகட்டும் என்று காத்திருந்தேன். போனார். எடுத்தேன். படம் நன்றாகவே வந்தது என்று சொன்னார்கள். அந்த வீதி அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு 'காலமற்று' இருந்ததற்குக் காரணம் சட்டகத்துக்கு வெளியே துடைப்பத்தோடு போய்க்கொண்டிருந்தது. காத்திருக்க எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய படங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் காமிரா ஒரு ராணுவ கேப்டனோடு வந்தது. லின்னேயஸ் ட்ரைப் (1822–1902) கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் இருந்தவர். 1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்தார்; 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். பழங்காலக் கட்டிடங்களைப் பதிவுசெய்ய ஓவியர்களைவிட காமிரா மலிவு, துல்லியம் என்று லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் எண்ணத் தொடங்கியிருந்த காலம் அது. 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சில மாதங்களில் சுற்றி முடித்தார். 1858-இல் படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று.

தேதிகளைக் கவனியுங்கள். 1857 செப்டம்பரில் டெல்லி மீண்டும் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. வடக்கே பழிவாங்கல் இன்னும் ஓயவில்லை. 1858 ஆகஸ்டில் கம்பெனி ஆட்சியே சட்டப்படி முடிவுக்கு வந்தது. இந்த இடைவெளியில்தான் ட்ரைப் தெற்கே கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் முன்னால் முக்காலியை நிறுத்துகிறார். அந்தப் படங்களில் பெரும்பாலும் ஆள் இல்லை. கல், நிழல், வானம். கலகம் செய்யக்கூடிய மக்கள் இல்லாத ஒரு நாடு. ஆள்வதற்கு எவ்வளவு வசதியான நாடு!

இதை ட்ரைப்பின் உள்நோக்கம் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. அவர் அதிகம் பயன்படுத்தியது மெழுகு ஊட்டிய காகித நெகடிவ். அதற்கு நீண்ட நேரம் ஒளி காட்ட வேண்டும். நடந்து போகிறவன் பதிவாக மாட்டான், கரைந்து போவான். அசையாமல் நிற்பவர்களும் நிறுத்தி வைக்கப்பட்டவர்களும் மட்டுமே மிஞ்சுவார்கள். ஆக, தொழில்நுட்பமும் அதிகாரமும் ஒரே திசையில் வேலை செய்தன. வேலைக்குப் போகிறவன், தண்ணீர் தூக்குகிறவள், கூட்டுகிறவள் – அசைகிறவர்கள் எல்லாரும் வரலாற்றிலிருந்து அழிந்தார்கள். அசையாத கல் 'பாரம்பரியம்' ஆனது.

கறுப்பு வெள்ளை 'உள்ளதை உள்ளபடி' காட்டும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அந்தக் கால ரசாயனம் நீல ஒளிக்கே அதிகம் வசப்பட்டது. சிவப்பை ஏறக்குறைய பார்க்கவே செய்யாது. நீல வானம் வெறும் வெள்ளையாக வெளிறியது. ட்ரைப் சில நெகடிவ்களில் மேகங்களைக் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். செங்கல் கறுத்தது. நம் தோல் இருப்பதைவிட இருண்டு பதிந்தது. எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிம் பரவலானது 1920-களுக்குப் பிறகுதான். 'கறுத்த சுதேசி' என்ற பிம்பத்தில் ரசாயனத்தின் பங்கும் உண்டு.

ட்ரைப்பின் திட்டம் நீடிக்கவில்லை. 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் வீண் ஆடம்பரம், செலவு என்று நிறுத்திவிட்டார். ஆனால் சட்டகம் நின்றுவிடவில்லை. 1867–68-இல் எட்மண்ட் லயன் அதே ஊர்களை அரசுக்காக எடுத்தார். பிறகு ஸ்டுடியோக்கள், தபால் அட்டைகள், காலண்டர்கள். கேப்டன் நின்ற இடம் 'நல்ல ஆங்கிள்' ஆகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் காமிராக்கள் ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்கள் வரைக்கும் போயின. வேற்று மதத்துக்காரர் என்பது அதுவரை தடையாக இல்லை. அதே காலத்தில் இந்த மண்ணின் தலித்துகளுக்குக் கோயில் வாசலே கிடையாது. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல்தான் வந்தது. காமிராவைச் சுமந்த தோல்பெட்டி உள்ளே போனது. தோலைப் பதப்படுத்தியவன் வெளியே நின்றான். தூண்களின் அழகைப் பற்றி எழுதியவர்கள் இதை ஏன் ஒரு வரி எழுதவில்லை?

ஆளற்ற படம் எல்லாமே அதிகாரத்தின் படம்தானா? அப்படிச் சொல்வதும் சுலபமான சூத்திரம். ட்ரைப் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பிய அதே 1857-இல் பிறந்தவர் பிரான்சின் அட்ஜே. கனமான காமிராவோடு முப்பது வருஷம் பாரிஸின் பழைய தெருக்களை எடுத்தார். ஆரம்பத்தில் யாரும் சொல்லி எடுக்கவில்லை. எடுத்தபின் ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றுப் பிழைத்தார். அவருடைய தெருக்களும் பெரும்பாலும் காலியே. குற்றம் நடந்த இடத்தைப் படமெடுப்பதுபோல அவர் எடுத்தார் என்ற கருத்தை வால்டர் பெஞ்சமின் பிரபலமாக்கினார். அந்தக் காலித்தனம் 'இங்கே என்ன நடந்தது?' என்று கேட்க வைக்கிறது. ட்ரைப்பின் காலித்தனம் கேட்க வைப்பதில்லை. 'இங்கே ஒன்றும் நடக்கவில்லை' என்று சமாதானம் சொல்கிறது. வித்தியாசம் ஆள் இருப்பதிலா இல்லாததிலா என்பதில் இல்லை. இல்லாதவரைப் பார்ப்பவன் தேடுகிறானா என்பதில் இருக்கிறது.

தேடினால் பழைய படங்களே நமக்கு உதவும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் என்றால் இன்று 13 நிலை, 236 அடி. ஆதியிலிருந்து நிற்பதுபோலத் தோன்றும். 19-ஆம் நூற்றாண்டுப் படங்களில் அது முடிக்கப்படாத மொட்டைக் கல். 'மொட்டை கோபுரம்' என்றே ஊரார் சொல்லிவந்தார்கள். குடமுழுக்கு நடந்தது 1987-இல். 'காலமற்றது' என்று நாம் மண்டியிடும் காட்சிக்கு நாற்பது வயதுதான். கேப்டனின் படமே அவன் சட்டகத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

காலனியக் காமிராவுக்கு எதிர்த்திசையில் வேறொரு கறுப்பு வெள்ளையும் இருந்தது. நம் ஊர் ஸ்டுடியோக்களில், தீட்டிய திரைக்கு முன்னால், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தான் எப்படித் தெரிய வேண்டும் என்று தானே தீர்மானித்து உட்கார்ந்த மனிதர்களின் படங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2010-களில் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு இவற்றைத் தேடி மின்னுருவாக்கத் தொடங்கியது. ஃபிலிமைக்கூட நாமே செய்தோம்: ஊட்டியின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967-இல் உற்பத்தி தொடங்கி 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் விற்றது. 1990-களில் நலிவுற்று, பின்னால் மூடப்பட்டது. அந்தத் தொழிலாளிகளின் கையும் நம் பழைய படங்களில் இருக்கிறது.

இன்று கறுப்பு வெள்ளை ஒரு தேர்வு. செல்போனில் ஒரு தட்டு. அதனாலேயே பொறுப்பு கூடுகிறது. மலைக்கோட்டையிலிருந்து சில மைல் தள்ளிப் பொன்மலை. 1920-களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த ரயில்வே பட்டறை. 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். 'திருச்சியைப் படமெடுக்கிறேன்' என்று கிளம்புகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் பஸ் ஏறுகிறோம்? மதுரைக்காரரான பழனிக்குமார், 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களை வருஷக்கணக்காகப் படமெடுத்து வருகிறார். கோபுரம் எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கோபுரத்துக்குக் கீழே கூட்டுகிறவர் போகும்வரை காத்திருக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

மறுபடி ஒருநாள் அதே வீதிக்குப் போனேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் காமிராவை எடுத்தேன். 'என்னையா? எதுக்கு சாமி?' என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிறகு எடுக்கலாம் என்று அன்று வெறுங்கையோடு திரும்பினேன்.