பயிற்றுமொழியும் பணியிடமும்: சாமுவேல் கிறீனின் மானிப்பாய் மருத்துவக் கல்வி (1848–1873)

முன்னுரை

மருத்துவர் கிட்டாத ஊர்களுக்கு மருத்துவரை உருவாக்கும் கல்வி எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலேயே எழுந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884), மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் தந்த முன்னோடியாகவே பெரிதும் அறியப்படுகிறார். அவர் தமிழைப் பயிற்றுமொழியாக்கியதை மொழிப்பற்றின் விளைவாகக் காண்பதைவிட, பயின்றவரைக் கிராமத்தில் நிலைநிறுத்தும் ஏற்பாடாகக் காண்பதே பொருந்தும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

மானிப்பாயில் பயிற்சி

நியூயார்க்கில் மருத்துவம் பயின்ற கிறீன் 1847இல் இலங்கை வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியையும் பயிற்சியையும் தொடங்கினார். 1820 முதலே ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்திருந்தார். எனினும், மிஷன் மருத்துவர் ஒருவரின் உழைப்பு மட்டும் குடாநாட்டின் தேவைக்கு ஈடாகாது என்பதை வாந்திபேதிக் காலங்கள் உணர்த்தின. எனவே உள்ளூர் இளைஞரைப் பயிற்றுவித்தல் கிறீனின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. மாணவர் பாடம் கேட்டதோடு, மருந்தகப் பணியிலும் நோயாளர் பராமரிப்பிலும் ஈடுபட்டுக் கற்றனர். ஊர்மக்களின் நோய்களே அவர்களுக்குப் பாடமாயின.

பயிற்றுமொழி மாற்றம்

தொடக்க வகுப்புகள் ஆங்கிலத்தில் நடைபெற்றன. ஆங்கிலவழி பயின்றோருக்கு அரசுப் பணியும் வெளியூர் வாய்ப்பும் திறந்திருந்தன; அவர்கள் கிராமங்களை விட்டு நீங்கியதைக் கிறீன் கண்டார். மிஷனின் கொள்கையும் இதே காலத்தில் மாறியது. அமெரிக்க மிஷன் சங்கச் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தினார். அவரது வருகையை அடுத்து 1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. 1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பிய கிறீன், 1864 முதல் தமிழில் கற்பித்தார். ஆகவே இம்மாற்றத்தை ஒரு தனிமனிதரின் விருப்பமாக மட்டும் கொள்ளவியலாது. மிஷனின் கொள்கையும் கிராமத்தின் தேவையும் அதில் ஒன்றிணைந்தன.

நூல்களும் கலைச்சொற்களும்

தமிழ்வழிப் பயிற்சிக்குத் தமிழ் நூல்கள் தேவைப்பட்டன. 1857இல் உடற்கூறு, உடலியங்கியல், உடல்நலம் பற்றிய கட்டரின் நூல் தமிழில் அச்சேறியது. இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலியன பின்னர் வந்தன. மொழிபெயர்ப்பில் மாணவரும் பங்கேற்றனர். கலைச்சொல்லுக்குத் தமிழையும், அதில் கிடைக்காதபோது வடமொழியையும், இரண்டும் உதவாதபோது ஆங்கில ஒலிபெயர்ப்பையும் நாடுவது கிறீனின் நெறி. 'கெமிஸ்தம்' என்னும் தலைப்பே கடைசி வழிக்குச் சான்று. மொழிபெயர்ப்பில் பங்கேற்ற மாணவருக்கு, நோயாளியின் மொழியில் நோயை விளக்கும் பயிற்சியாகவும் அது அமைந்தது எனக் கருத இடமுண்டு.

பயனும் வரம்பும்

கிறீனிடம் பயின்றோர் 60 பேருக்கும் மேற்பட்டவர். ஏறத்தாழப் பாதியளவினர் தமிழ்வழி கற்றவர். எனினும் இவ்வேற்பாடு ஒரு முரணையும் உட்கொண்டிருந்தது. ஆங்கிலம் உயர்பணிக்கான வாயிலாக இருந்த காலனிய அமைப்பில், தமிழ்வழிக் கல்வி மாணவரின் வாய்ப்பெல்லையைச் சுருக்கியது. கிராமத்தின் ஆதாயத்துக்கு மாணவர் விலை கொடுத்தனர் எனலாம். 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டதும் இவ்விடைவெளி மேலும் விரிந்தது. 1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். வூஸ்டரிலிருந்தும் அவர் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். ஆயினும் நூல்கள் நிலைத்த அளவுக்குப் பயிற்சிமுறை நிலைக்கவில்லை.

முடிவுரை

மானிப்பாய்ப் பயிற்சியின் வலிமையும் மெலிவும் ஒரே மூலத்திலிருந்து தோன்றின. நோயாளியின் மொழியில் கற்பித்தது மருத்துவரை மக்களுக்கு அண்மையாக்கியது. அம்மொழிக்கு அரசு அமைப்பில் உரிய இடம் இன்மை அவரைத் தொழில்முறையில் ஒதுக்கியது. பின்தங்கிய பகுதிகளுக்கான மருத்துவக் கல்வியை மதிப்பிடுவோர், பயின்றவர் எங்கே தங்கினர் என்பதோடு, தங்கியதால் எதை இழந்தனர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.