டெர்மினலில் மீட்டர் ஓடிய காலம்

டெர்மினலில் ஏஐ உதவியாளரை வைத்து நிரல் எழுதும் இளைஞர்கள், மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து மலைத்துப்போய் என்னிடம் வருகிறார்கள். டெர்மினல் பிறக்கும்போதே மீட்டரோடுதான் பிறந்தது என்பதைத்தான் அவர்களுக்கு முதலில் சொல்வேன். இடையில் சில பத்தாண்டுகள் கணினி நம் மேசைமேல் சொந்தமாக உட்கார்ந்திருந்தது. அதில் அந்த வரலாறு மறந்துபோயிற்று.

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழு சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே ஐபிஎம் கணினி. அதைப் பலர் ஒரே நேரத்தில் அவரவர் டெர்மினலில் உட்கார்ந்து பயன்படுத்தலாம். ஒரு கட்டளை முடிந்ததும் ‘ஆர்’ என்ற எழுத்தையும், அந்தக் கட்டளைக்கு ஆன விநாடிக் கணக்கையும் அந்த அமைப்பு தாளில் அடித்துவிடும். அடுத்த கட்டளையைத் தட்டுமுன்பே முந்தையதன் செலவு கண்ணில் பட்டுவிடும். இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஒரே கணினியைப் பலர் பகிரும் இந்த டைம் ஷேரிங் முறை பிறகு வியாபாரமானது. இணைப்பில் இருந்த நேரத்துக்கு ஒரு கட்டணம், பிராசசர் நேரத்துக்கு ஒரு கட்டணம். டெலிடைப் மாடல் 33 விநாடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். அதனால் நிரலை முதலில் இணைப்பில்லாமல் காகித நாடாவில் துளையிட்டு வைத்துக்கொண்டு, பிறகு தொலைபேசியில் இணைந்து நாடாவை ஓட்டுவார்கள். யுனிக்ஸ் கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்தில் நின்றதிலும் அந்த மந்தமான டெலிடைப்புக்குப் பங்கு உண்டு.

நம் பக்கம் 1973இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தது. நான் படித்த காலத்தில் எங்களுக்கு வாய்த்தது பஞ்ச் கார்டு. கோடிங் ஷீட்டில் பென்சிலால் எழுதுவோம். மாறிகளின் மதிப்பை ஓரத்தில் குறித்துக்கொண்டே வரிவரியாகக் கையால் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டுக் கட்டைக் கவுண்டரில் கொடுப்போம். ஒரு காற்புள்ளி தவறினால் அன்றைய நாள் போச்சு. பிரின்ட் அவுட் மறுநாள்தான் கிடைக்கும். கையால் சரிபார்க்கும் அந்தப் பழக்கத்தை அன்று கற்றவர்கள் எவரும் பின்னாளில் விட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இன்றைய மீட்டர் டோக்கனில், அதாவது சொற்களையும் சொற்துண்டுகளையும் எண்ணும் அலகில், ஓடுகிறது. கிளாட் சானெட் 4 என்ற ஏஐ மாடல் வந்தபோது பத்து லட்சம் டோக்கன் உள்ளே போக 3 டாலர், வெளியே வர 15 டாலர். பில் ஏறுவதற்குப் பெரும்பாலும் நீளும் உரையாடல்தான் காரணம். நீங்கள் ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் அதுவரை பேசியது, திறந்த கோப்பு, கொட்டிய லாக் எல்லாம் மறுபடி மாடலிடம் போகின்றன. முன்பு அனுப்பியதைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் கேஷில் இருக்கும் பகுதிக்கு அந்த மாடலில் பத்தில் ஒரு பங்கு விலைதான். ஆனால் கொஞ்ச நேரம் எழுந்து போனால் கேஷ் காலாவதியாகிவிடும். ஒரு வேலை முடிந்ததும் கிளியர் கட்டளை கொடுத்துப் புது உரையாடல் தொடங்குங்கள். முழு லாகையும் கொட்டாமல் பிழை வந்த இருபது வரியை மட்டும் கொடுங்கள். எந்தக் கோப்பில் எந்தச் செயற்கூறு என்று சொல்லிவிட்டால் உதவியாளர் நிரல் களஞ்சியம் முழுவதையும் துழாவ வேண்டியதில்லை. பெயர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைக்குச் சிறிய மாடலே போதும். காகித நாடாக்காரர்கள் செய்ததும் இதுதான்: யோசிப்பதை மீட்டருக்கு வெளியே வைத்துக்கொண்டார்கள். அதே கேள்வியைத் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தைவிட டோக்கன் கூடுதலாகிறது என்பது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் இந்த வரலாற்றில் சிக்கனம் பாதிதான். 1968இல் சியாட்டிலின் லேக்சைடு பள்ளியில் தாய்மார் மன்றம் பழைய பொருட்களை விற்று, பிள்ளைகளுக்கு ஒரு டெலிடைப்பும் கணினி நேரமும் வாங்கிக் கொடுத்தது. பில் கேட்ஸும் பால் ஆலனும் அந்த நேரத்தைச் சீக்கிரமே தீர்த்தார்கள். பிறகு கம்ப்யூட்டர் சென்டர் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம், தன் பிடிபி-10 கணினியில் பிழை கண்டுபிடித்துக் கொடுத்தால் இலவச நேரம் தருவதாக ஒப்புக்கொண்டது. மீட்டர் நின்ற அந்த மணிநேரங்களில்தான் அவர்கள் தொழில் கற்றார்கள். டார்ட்மவுத் கல்லூரியில் 1964 மே 1 விடியற்காலை முதன்முதலாக ஓடிய பேசிக் மொழியை உருவாக்கிய ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் இதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல மாணவர் எவரும் காசில்லாமல் கணினியைப் பயன்படுத்தலாம் என்றார்கள்.

நம் நிறுவனங்களில் செலவைக் குறைக்கச் சொன்னதும் முதலில் வெட்டுவது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் ஏஐ கணக்கைத்தான். கல்லூரிகளில் பலவற்றில் வெட்டுவதற்குக்கூடக் கணக்கு இல்லை. குழுத் தலைவர்களே, துறைத் தலைவர்களே, வீணாகப் போகும் லாகையும் முடிக்காமல் விட்ட நீள உரையாடலையும் குறையுங்கள். அதில் மிச்சமாவதைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள்.