அக்கரைப்பற்றில் உடைமையும் உயிர்க்காவலும்

ஒரு நாட்டின் வரலாறு அரசர்தம் போர்களையும் ஆளுநர்தம் கட்டளைகளையும் மட்டும் கூறுவதன்று. சிற்றூரில் வாழ்ந்த உழவன் தன் வயலின் விளைவை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தானா, கணவனை இழந்த பெண் எந்தக் கூரையின் கீழ்த் தங்கினாள், எல்லைத் தகராறு எழுந்தபோது எவருடைய சொல் ஏற்கப்பட்டது என்னும் வினாக்களும் வரலாற்றுக்குரியனவே. இவ்வினாக்களை இலங்கையின் தென்கிழக்குக் கரையிலுள்ள அக்கரைப்பற்றை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வூரில் உடைமை எவர் கையில், எவ்வகையில் இருந்தது என்பதே வாழ்வின் பாதுகாப்பையும் பெரிதும் தீர்மானித்து வந்துள்ளது.

அக்கரைப்பற்று 2011 ஆம் ஆண்டு முதல் மாநகர சபையைக் கொண்ட நகரமாகும். ஆயினும் அதன் வாழ்வு நெற்காணியோடு பிணைந்ததேயாம். கிழக்கே கடல், மேற்கே சாகாமக் குளத்தை நோக்கி விரியும் வயல்வெளி. 1961 இல் அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு கூறாக இருந்தது. தமிழ் பேசும் முஸ்லிம்களும் இந்துத் தமிழரும் இங்கு அடுத்தடுத்த தெருக்களில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். சமயத்தால் வேறுபட்ட இவ்விரு சமூகத்தாரும் உடைமை முறையில் வியத்தகு ஒற்றுமை உடையோராவர்.

அவ்வொற்றுமைக்கு மூலம் குடிமுறை எனலாம். ஒருவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்பது தாய்வழியே கணிக்கப்படுகின்றது. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காரும் தத்தம் குடியின் சார்பில் பொறுப்பேற்றனர். குடும்பப் பிணக்குகளும் சிறு வழக்குகளும் நீதிமன்றம் ஏறுமுன் இவர்கள் முன்னிலையிலேயே பேசித் தீர்க்கப்படுவது வழக்கம். திருமணம் முடிந்ததும் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வான். வீடும் வளவும் சீதனமாக மகளுக்கே எழுதப்படும். மூத்த மகளுக்கு மணமானதும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்கு விட்டு, அதே வளவிலோ அண்மையிலோ வேறொரு சிறு வீட்டுக்கு மாறுவர்; அடுத்த மகளுக்கும் இவ்வாறே. இதனால் சகோதரிகள் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் வாழும் தெருக்கள் உருவாயின. கணவன் இறப்பினும் பிரியினும் பெண் வீடிழப்பதில்லை. நள்ளிரவில் ஓர் ஆபத்தெனின் வேலிக்கு அப்பால் தாயோ தமக்கையோ இருப்பாள். மதிலும் காவலாளும் தரவியலாத காவல் இது.

சட்டத்தின் வரலாறு இம்முறையோடு முற்றிலும் இசைந்து சென்றதன்று. மட்டக்களப்பில் வழங்கிய முக்குவர் சட்டத்தின்படி முதுசொம் தாய்வழியே, அதாவது சகோதரியின் மக்களுக்கு இறங்கியது. 1876 ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அம்முறையை வழக்கொழியச் செய்தது. முஸ்லிம்களைப் பொறுத்தவரை, 1931 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், இறுதி விருப்பாவணமின்றி இறப்போரின் சொத்தை இஸ்லாமியச் சட்டப்படி பகிர வகைசெய்தது. அதன்படி மகளின் பங்கு மகனின் பங்கில் பாதியாகும். ஆயினும் ஊரார் இச்சட்டங்களை மீறாமலே தம் வழக்கத்தைக் காத்துக்கொண்டனர். தந்தை உயிருடன் இருக்கும்போதே நொத்தாரிசின் முன் நன்கொடை உறுதியாகவோ சீதன உறுதியாகவோ வீட்டை மகளுக்கு எழுதிவிட்டால், அவர் இறந்தபின் அவ்வீட்டைப் பங்கிட வேண்டிய தேவை எழுவதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் வழங்கிய உறுதியெழுதும் முறை, அவர்களின் சட்டம் கைவிட்ட ஒரு மரபுக்கே இவ்வாறு துணையாயிற்று.

இம்முறையைக் குறையற்றதெனப் புகழ்வதும் பொருந்தாது. மகள்மார் பலரைப் பெற்ற ஏழைத் தந்தைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வாழ்நாட் சுமையாகும். சகோதரிகளைக் கரைசேர்க்கும் வரை தம் திருமணத்தைத் தள்ளிவைக்கும் ஆண்மக்கள் பலர். கொடுப்பதற்குக் காணியில்லாத குடும்பத்தில் குமர்ப்பெண்ணின் நிலை இரங்கத்தக்கதே. வீட்டின் உரிமை பெண்ணிடம் இருப்பினும் வயலின் வரவுசெலவும் ஊர்ச்சபையின் பேச்சும் ஆண்களிடமே இருந்தன என்பதையும் மறத்தலாகாது.

இனி, வயலின் காவலை நோக்குவோம். பரந்த நெற்காணிகளை உடையோர் போடியார் எனப்பட்டனர். நிலமற்றோர் அவர்களிடம் வயற்காரராக இருந்து விளைவில் ஒரு பங்கைப் பெற்றனர்; கடனும் நன்றியும் அவர்களைப் போடியாருடன் பிணைத்திருந்தன. நீர் திறப்பது, வேலியடைப்பது, விதைப்பு நாளைக் குறிப்பது, கட்டாக்காலி மாடுகளால் நேர்ந்த பயிரழிவை மதிப்பிடுவது ஆகியவற்றை வட்டை விதானை மேற்பார்வை செய்தார். யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி இரவிரவாகப் பரண்களில் காவல் இருந்தது. மாடுகள் குறிசுடப்பட்டன. சூடு மிதிக்கும் களவெட்டியில் அன்றாடச் சொற்களைத் தவிர்த்துத் தனியான குழூஉக்குறிகளைப் பேசுவர். நெல்லைப் 'பொலி' என்பர். காணாத பூதங்கள் விளைவைக் கவர்ந்துவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. ஓராண்டு உழைப்பு ஓரிரவில் பறிபோகக்கூடும் என்ற உழவனின் கவலை அச்சொற்களில் ஒளிந்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டில் அரசு இக்காணி வாழ்வினுள் நேரடியாக நுழைந்தது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணிகளை அனுமதிப்பத்திரத்தின் மூலம் குடியானவர்க்கு வழங்க வகைசெய்தது. ஆயின், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து மகளுக்கு முன் மகனையே அச்சட்டம் வைத்தது. இப்பாகுபாடு 2022 இலேயே திருத்தப்பட்டது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், கரையோர மக்கள் பட்டிப்பளை ஆறு என வழங்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, புதிய நீர்வளத்தையும் புதிய குடியேற்றங்களையும் ஒருங்கே தந்தது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவர்க்குப் பாதுகாப்பளிக்க முயன்றது. வட்டை விதானையின் இடத்தைப் பயிர்ச்செய்கைக் குழுக்கள் பெற்றன. நன்மைகள் பல விளைந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் காணியைப் பற்றிய முடிவுகள் ஊரின் வாய்ச்சொல்லிலிருந்து கச்சேரியின் கோப்புக்கு மாறத் தொடங்கின.

கோப்பும் காக்கவியலாத காலம் பின்னர் வந்தது. 1956 இல் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் இனக்கலவரம் மூண்டது. 1985 ஏப்பிரலில் காரைதீவிலும் அண்டிய ஊர்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் மோதினர். 1986 பெப்ரவரியில் அக்கரைப்பற்றுக்கு மேற்கே உடும்பன்குளத்தில் அறுவடைக்குச் சென்றிருந்த தமிழர் பலர் கொல்லப்பட்டனர். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கரையெங்கும் அச்சம் சூழ்ந்தது. முஸ்லிம் உழவர் பலர் மேற்கிலுள்ள தம் வயல்களுக்குச் செல்லவியலாது தவித்தனர். கையில் உறுதி இருந்தது. வயலுக்குப் போகும் பாதை இருக்கவில்லை. அயலவனின் நல்லெண்ணமும் உடைமையின் ஒரு பகுதியே என்பதை அவ்வாண்டுகள் இரு சமூகத்தாருக்கும் உணர்த்தின.

2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இதனை வேறொரு வகையில் சோதித்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அங்கு இறந்தோர் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். வீடுகளோடு உறுதிகளும் கடலிற் சென்றன. வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றர் வரை மீண்டும் கட்டலாகாதென முதலில் அறிவிக்கப்பட்டமையால், நெருக்கமான கரையோர ஊர்களில் வாழ்ந்தோர் செல்லுமிடமின்றித் திகைத்தனர். புதிய வீடுகளுக்கும் உதவிகளுக்கும் பெயர் பதியப்பட்டபோது 'குடும்பத் தலைவர்' யாரென்றே படிவங்கள் கேட்டன. பெரும்பாலும் கணவனின் பெயரே எழுதப்பட்டது. அழிந்த வீடோ மனைவியின் சீதனம். தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கிய உரிமை, ஒரு படிவத்தின் ஒரு வரியில் கைமாறிற்று. எவரும் தீங்கு கருதிச் செய்தாரல்லர். ஊரின் வழக்கத்தை அறியாமையே அத்தவறுக்குக் காரணமாயிற்று.

இதே அலை தாக்கிய இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தை ஒப்புநோக்குதல் பயன் தரும். அங்கும் மக்கள் முஸ்லிம்கள்; அங்கும் பல சிற்றூர்களில் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வருவதும் மகளுக்கு வீடு கொடுப்பதும் வழக்கம். அலையில் எல்லைக் கற்களும் ஆவணங்களும் அழிந்தபின், 2005 இல் தொடங்கிய காணிப் பதிவுத் திட்டத்தில் கிராமத்தவரே கூடி நின்று எல்லைகளைக் காட்டினர். அயலவரின் சாட்சியம் ஆவணத்தின் இடத்தைப் பெற்றது. பெண்களின் பெயர் விடுபடும் குறை அங்கும் எழுந்ததுண்டு. எனினும் ஊரின் நினைவையே சான்றாகக் கொண்ட அந்நெறி கருதத்தக்கது.

அக்கரைப்பற்றிலோ நிகழ்ந்தது வேறு. நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியுடன் ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டோர்க்காக 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றைப் பகிரும் முறை குறித்து எழுந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. இன விகிதாசாரப்படி பகிரவேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. வீடுகள் பல்லாண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. சுற்றிலும் புதர் மண்டிற்று. அவ்வீடுகளை எதிர்பார்த்திருந்த சிறுமியர் மணவயதை எய்தினர். வீடின்றி மகளுக்கு மணமில்லை எனக் கருதும் ஓர் ஊரில் இத்தாமதத்தின் பொருளைக் கணக்கேடுகள் கூறமாட்டா.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. அக்கரைப்பற்றில் உயிருக்குக் காவலாக நின்றவை மூன்று: மகள் பெயரிலுள்ள வீடு, எல்லையை அறிந்த அயலவர், வயலுக்குச் செல்லும் அச்சமற்ற பாதை. முதலாவதைப் படிவம் மறந்தது. இரண்டாவதைக் கோப்பு ஒதுக்கியது. மூன்றாவதைப் போர் அடைத்தது. போர் 2009 இல் முடிவுற்றபின் பாதை திறந்தது. ஏனைய இரண்டும் தாமாகத் திறப்பனவல்ல. காணி பகிர வரும் அலுவலர் 'குடும்பத் தலைவர் யார்' என வினவுமுன், 'இவ்வீடு யாருடையதாக இருந்தது' என வினவுவாராயின், அவ்வூரின் தாய்மார் அதற்கு விடை கூறுவர்; வேலிக்கு அப்பாலுள்ள அயலவரும், தமிழராயினும் முஸ்லிமாயினும், அவ்விடைக்குச் சான்று பகர்வர்.