மண்டையோடு யாருடையது? மென்பொருள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

அடையாளம் தெரியாத ஒரு மண்டையோடு கிடைக்கிறது. டிஎன்ஏவை ஒப்பிடலாம்தான், ஆனால் யாருடைய குடும்பத்தோடு? இந்த இடத்தில்தான் ஃபோர்டிஸ்க் உதவுகிறது. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஜான்ட்ஸ், ஸ்டீபன் ஔஸ்லி இருவரும் உருவாக்கிய இந்த மென்பொருள் 1993-ல் வெளியானது.

மண்டையோட்டின் நீளம், அகலம், கண்குழியின் உயரம் என்று அளவுகளை மில்லிமீட்டரில் கொடுத்தால், ஆணா பெண்ணா, எந்த மக்கள் குழுவுக்கு நெருக்கம் என்று கணித்துச் சொல்லும். பெயரைச் சொல்லாது, காணாமல் போனவர்களின் பட்டியலைச் சுருக்கித் தரும், அவ்வளவுதான். இதில் நெருக்கத்தை அளக்கும் சூத்திரம் நம்ம ஊர்ச் சரக்கு! கல்கத்தாவின் பி.சி. மஹலநோபிஸ் 1936-ல் வெளியிட்டது.

சிக்கல் என்னவென்றால், தன்னிடம் உள்ள குழுக்களில் மிக நெருக்கமான ஒன்றை அது எப்படியும் சொல்லிவிடும். அதிலுள்ள தடயவியல் தரவு பெரும்பாலும் அமெரிக்காவில் திரட்டியது. கூடவே இருக்கும் ஹவெல்ஸின் உலகத் தரவில் இந்தியாவுக்கு அந்தமான் மட்டும்தான். அதனால் ஒரு தமிழரின் மண்டையோட்டைக் கொடுத்தாலும் வேறு யாரோ என்றுதான் விடை வரும். அதை நம்பித் தேடினால், சரியான பெயர் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். அந்த வீட்டில் இன்னும் காத்துக்கொண்டிருப்பார்கள்.

எனவே திரையில் '90%' என்று வந்தால் உடனே நம்பிவிடாதீங்க. அது இருக்கிற குழுக்களுக்குள் மட்டும் ஒப்பிட்ட எண். பக்கத்திலேயே இன்னோர் எண் இருக்கும்: இப்படியொரு மண்டையோடு அந்தக் குழுவில் இயல்பாக இருக்குமா என்பதைச் சொல்வது. அது 0.05-க்குக் கீழே போனாலே நிபுணர்கள் சந்தேகப்படத் தொடங்குவார்கள்.