காணிக்கை

‘காண்’ என்னும் வினையடியில் பிறந்த பெயர்ச்சொல் இது. கோயிலுக்கோ, பெரியவரைப் பார்க்கவோ வெறுங்கையோடு போகலாகாது என்ற வழக்கம் இச்சொல்லின் வேரிலேயே இருக்கிறது. காணும்போது கொடுப்பது காணிக்கை. வரிக்கு விகிதம் உண்டு, கடனுக்குத் தவணை உண்டு. காணிக்கையின் அளவைப் பெரும்பாலும் கொடுப்பவரே முடிவுசெய்கிறார்.

தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகளில் இச்சொல்லுக்குக் கூடுதல் பாரம் சேர்ந்தது. பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்தே 1517இல் மார்ட்டின் லூதர் எழுந்தார். அவர் போதித்தபடி கிருபை இலவசம் என்றால், கொடுத்துக் கடவுளிடம் எதையும் வாங்க முடியாது. பிறகு எதற்குக் கொடுப்பது? நன்றிக்கு. ‘ஸ்தோத்திரக் காணிக்கை’ என்ற தொடர் அந்த விடையைச் சுமக்கிறது. வருமானத்தில் பத்தில் ஒன்று என்று கணக்கு வகுத்த தசமபாகம் வேறு.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது பிடியரிசிக் காணிக்கை. உலையில் இடுமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பார்கள். அதை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். காசு புழங்காத வீடும் இதனால் கொடுக்கும் வீடாயிற்று. அறுப்பின் பண்டிகையில் பூசணியும் வாழைத்தாரும் கோழியும் ஆலயத்துக்கு வந்து ஏலம் போகின்றன. அங்கே கடைவிலையைவிடப் பல மடங்கு கூட்டிக் கேட்பவர் ஏமாந்தவர் அல்லர். ஏலத்தொகைக்குள் தம் காணிக்கையையும் சேர்த்தே செலுத்துகிறார். கொடுப்பவர் கையை நம்பும் இதே எண்ணத்தில், 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், அயல்நாட்டுப் பணத்தை நாடாமல் இந்தியர் கொடையாலேயே நடப்பது என்று கொள்கை வகுத்துக்கொண்டது.